வந்தவர்கள் எல்லோரும் படத்தில் இருக்க வேண்டும்: இளைஞர்களுக்குக் குறும்படம் கற்பித்தல் பற்றி

1

'உங்கள் பகுதியில் நடக்கும் போராட்டத்தைப் பற்றிக் குறும்படம் எடுங்கள்' என்று பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் சொன்னால், முதல் முயற்சியில் அவர்கள் எடுத்துவருவது பெரும்பாலும் ஒரே படம்தான். ஊர் வேறு, பிரச்சினை வேறு, படம் ஒன்று. ஒரு குப்பைமேடு. அதன்மேல் ஒரு நாய். பின்னணியில் வயலின். ஒரு கிழவி அழுகிறாள். காமிரா அவள் கண்ணீரை நோக்கி மெல்ல நெருங்குகிறது. கனத்த ஆண்குரல் ஒன்று 'இந்த அவலம் என்று தீரும்?' என்கிறது. கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: 'அதிகாரிகள் கண் திறப்பார்களா?' முடிந்தது. பயிற்றுநராக நான் போய்வந்த தென்மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் கேட்டாலும், சுடுகாட்டுப் பாதை கேட்டாலும், பட்டா கேட்டாலும், மதுக்கடையை மூடச் சொன்னாலும் அதே வயலின்.

இதைப் பிள்ளைகளின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் காமிராவைக் கையில் எடுப்பதற்கு வெகுமுன்பே ஒரு மொழி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தொலைக்காட்சிச் செய்தியின் மொழி அது. அந்த மொழியில் மூன்று பேருக்குத்தான் இடமுண்டு: கஷ்டப்படுகிறவர், அவருக்காகப் பேசுகிறவர், மனம் இரங்கிக் கொடுக்கிறவர். நான்காவதாக ஒரு ஆள் இருக்கிறார், போராடுகிறவர். அவருக்கு அந்த இலக்கணத்தில் வேற்றுமை உருபே கிடையாது. யார் வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார், வேன் வாடகைக்குத் தலைக்குப் பத்து ரூபாய் யார் வசூலித்தார், தாலுகா ஆபீஸ் வராந்தாவில் எத்தனை நாள் காத்துக் கிடந்தார்கள், 'அம்மா, மனுவக் குடுத்துட்டுப் போங்க' என்ற பியூனிடம் யார் 'ரசீது குடுங்க' என்று கேட்டார் என்பதெல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. போராட்டம் என்பது ஒரு வேலை. நேரமும் காசும் தைரியமும் போட்டுச் செய்கிற வேலை. அதைத் துயரமாக மொழிபெயர்த்துவிட்டால் செய்தவர்கள் மறுபடி வெறும் பாவப்பட்டவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

ஆகவே இளைஞர்களுக்குக் குறும்படம் கற்பிப்பதில் முதல் பிரச்சினை, அவர்களுக்குக் காமிரா தெரியாது என்பதல்ல. நம்மைவிட நன்றாகவே தெரியும். யாருக்குக் காட்டுவதற்காக எடுக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. யாரைப் படம் பிடிக்கிறோமோ அவர்களே முதல் பார்வையாளர்கள் என்று முடிவுசெய்துவிட்டால் ஷாட், ஒலி, கேள்வி, படத்தொகுப்பு எல்லாம் மாறும். என் அனுபவத்தில் கற்பிக்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். மற்றவை இதிலிருந்து பிறக்கிற நுணுக்கங்கள்.

2

இதற்கு முன்மாதிரி தேடி உலக சினிமாவுக்கு ஓட வேண்டியதில்லை. அதற்கும் பிறகு வருவோம். முதலில் நம் தெருவிலேயே ஒரு சினிமா இருக்கிறது. கல்யாண வீடியோ.

சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இது கேலிக்குரிய சரக்கு. ரோஜாப்பூவுக்குள் மணமகள் முகம், இதய வடிவத்துக்குள் மணமகன், பின்னால் இளையராஜா. சரி. ஆனால் நம் ஊர்களில் காமிராவைத் தொட்ட இளைஞர்களில் கணிசமானவர்கள் அதைத் தொட்டது கல்யாண வீட்டில்தான். வீடியோக் கடையில் லைட் பிடிக்கிற பையனாகச் சேர்ந்து, ஒயர் சுருட்டி, பிறகு காமிராமேனாக ஆனவர்கள். வி.எச்.எஸ். கேசட் காலம் தொடங்கி டிரோன் பறக்கிற இந்தக் காலம்வரை இந்தக் குருகுலம் நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சி முகாமில் இப்படிப்பட்ட பையன் ஒருவனிடம், நல்ல கல்யாண வீடியோ என்றால் என்ன என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னான்: 'அண்ணே, வந்தவங்க எல்லாரும் இருக்கணும். ஒரு ஆளு விட்டுப்போச்சுன்னாலும் வீடியோவப் பாத்துட்டுச் சண்டைக்கு வந்துருவாங்க.'

இதைவிடச் சுருக்கமாக ஒரு ஆவணப்பட அறவியலை நான் படித்ததில்லை. யோசித்துப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்தவர், மொய் எழுதியவர், கொட்டு அடித்தவர், வாசலில் நின்று சந்தனம் கொடுத்த சித்தி என எல்லோருக்கும் படத்தில் இடம் உண்டு. முதலில் பார்க்கப்போகிறவர்கள் படத்தில் இருப்பவர்களே. பிரதி அந்த வீட்டு பீரோவுக்குள்தான் போகிறது. எடுத்தவனுக்கு இருப்பது கூலி. படத்தின்மீது உரிமை இல்லை. தவறாகக் காட்டினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இந்த ஐந்தும் தொலைக்காட்சிச் செய்தியில் கிடையாது, பெரும்பாலான ஆவணப்படங்களிலும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. தாலி கட்டுகிற நேரம் இரண்டாவது தடவை வராது. கூட்டத்துக்குள் புகுந்து, யார் தோளிலும் இடிக்காமல், அந்தச் சில விநாடிகளைத் தவறவிடாமல் எடுக்கப் பழகியவனுக்கு ஊர்வலத்தை எடுப்பது பெரிய காரியமில்லை. திரைப்படக் கல்லூரியில் சொல்லித்தராத பயிற்சி இது.

கல்யாண வீடியோவை அப்படியே தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. அது காசு கொடுத்தவரின் சந்தோஷத்துக்காக எடுக்கப்படுவது. யார் மேடைக்கு வரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்ற சாதிக் கணக்கை அது கேள்வி கேட்பதில்லை. அடுப்படியில் வெந்துபோகிறவரை ஒரு விநாடி காட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஆனாலும், எடுக்கப்பட்டவர்களிடமே படம் திரும்பிப் போக வேண்டும் என்ற அதன் நியதியைப் பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருக்கிறார்கள். அந்த அறிவிலிருந்து பாடத்தைத் தொடங்க முடியும் என்பதுதான் என் வாதம்.

3

இந்த நியதியை வேறு இடங்களில், வேறு நெருக்கடிகளில், சிலர் கண்டடைந்திருக்கிறார்கள். மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பிரான்ஸில் பெஸான்ஸோன் நகரத்து ரோடியாஸெட்டா செயற்கை இழைத் தொழிற்சாலையில் 1967இல் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே தங்கினார்கள். கிறிஸ் மார்க்கரும் மரியோ மாரேயும் அதைப் பற்றி ஒரு படம் எடுத்து, 1968 ஏப்ரலில் அதே ஊரில் தொழிலாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கைதட்டலை எதிர்பார்த்திருக்கலாம். கிடைத்தது சண்டை. எங்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகக் காட்டியிருக்கிறீர்கள், சங்கம் கட்டிய வேலை எங்கே, பெண்களை வெறும் மனைவிமாராக மட்டும் ஏன் காட்டினீர்கள் என்று கேட்டார்கள். அந்த விவாதம் ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. அதிலிருந்து பிறந்தது மெத்வெத்கின் குழு. தொழிலாளர்களே காமிராவையும் படத்தொகுப்பு மேசையையும் பழகிப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் படத்தில் கணவன் பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்தான், அக்குழு அடுத்து எடுத்த படத்தின் மையம். கடிகாரத் தொழிற்சாலையில் சங்கம் அமைக்கிறவராக, கூட்டத்தில் பேசுகிறவராக அதில் வருகிறார். குழுவின் பெயருக்குரிய அலெக்ஸாண்டர் மெத்வெத்கின், 1932இல் சோவியத் நாட்டில் ஒரு ரயிலையே சினிமாக் கூடமாக்கிச் சுற்றியவர். எடுத்த படத்தை ரயிலிலேயே கழுவி, வெட்டி ஒட்டி, எடுத்த இடத்துத் தொழிலாளர்களுக்கே உடனே காட்டி விவாதிப்பது அவர் முறை.

இரண்டாவது இடம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையை ஒட்டிய ஃபோகோ தீவு. மீன்பிடித்து வாழ்ந்த அந்தத் தீவு மக்களைக் காலிசெய்து வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு இருந்தது. 1967இல் அங்கே போன காலின் லோ, தீவைப் பற்றி ஒரு பெரிய படம் எடுப்பதற்குப் பதிலாகச் சுமார் 27 சிறிய படங்களை எடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஒரு பேச்சு, ஒரு கூட்டம். பேசியவர்கள் முதலில் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் அடுத்த கிராமத்தில் காட்டப்பட்டது. ஒரே தீவில் இருந்தும் பேசிக்கொள்ளாத ஊர்க்காரர்கள், பக்கத்து ஊர்க்காரர் திரையில் பேசுவதைக் கேட்டார்கள். பிறகு படங்கள் தலைநகரத்து அமைச்சர்களிடம் போயின. அமைச்சரின் பதிலும் படமாகித் தீவுக்குத் திரும்பியது. தீவுக்காரர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து அங்கேயே தங்கினார்கள். எல்லாம் படத்தால் நடந்தது என்று சொன்னால் அது விளம்பரம். அவர்கள் ஏற்கெனவே தொடங்கியிருந்த பேச்சைப் படம் ஊர் ஊராகச் சுமந்து போயிற்று, அவ்வளவுதான். அதுவே லேசுப்பட்ட காரியமில்லை.

மூன்றாவது, நமக்குப் பக்கத்தில். இன்றைய தெலங்கானாவில் ஜஹீராபாத்தை ஒட்டிய பஸ்தாபூரில், டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் சங்கங்களைச் சேர்ந்த தலித் விவசாயப் பெண்கள் 1990களின் இறுதியில் வீடியோ கற்றார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2003இல் வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி விதைத்து நொடித்த விவசாயிகளைத் தொடர்ந்து போய்ப் படமெடுத்தவர்கள் இவர்கள். காமிராக் கோணங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர்களைப் பாருங்கள். மேலிருந்து கீழே பார்ப்பது நிலக்கிழாரின் பார்வை, ஆகவே 'பட்டேல் ஷாட்'. கீழிருந்து மேலே பார்ப்பது அடிமையின் பார்வை. கண்ணுக்கு நேர் பார்ப்பது 'சங்கம் ஷாட்'. சங்கத்தில் எல்லோரும் தரையில் சமமாக உட்கார்ந்து பேசுகிறார்களே, அந்த உயரம். 'லோ ஆங்கிள், ஹை ஆங்கிள்' என்று நாம் மனப்பாடம் செய்ததற்குள் ஒளிந்திருந்த அதிகார உறவை, காமிரா தொட்ட புதிதிலேயே அவர்கள் வெளியே இழுத்துப்போட்டுவிட்டார்கள்.

4

இனி, வகுப்பில் என்ன செய்கிறோம் என்பதற்கு வருகிறேன்.

முதல் நாள் காமிரா கிடையாது. பிள்ளைகள் முகம் சுண்டிப்போகும், பரவாயில்லை. தெருவில் நடந்து, கேட்டு, வினைச்சொற்களாக ஒரு பட்டியல் எழுதிவர வேண்டும். பெயர்ச்சொற்கள் கூடாது. 'வறுமை', 'அவலம்', 'அலட்சியம்' என்று எழுதினால் அடித்துவிடுவேன். ஏனென்றால் வறுமையைப் படம் பிடிக்க முடியாது. பிடிக்கப்போனால் நாயும் குப்பைமேடும்தான் கிடைக்கும். 'கூடினார்கள்', 'வசூலித்தார்கள்', 'மறித்தார்கள்', 'காத்திருந்தார்கள்', 'சண்டை போட்டார்கள்', 'திரும்பி வந்தார்கள்' என்று எழுதினால் அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம், ஒரு நேரம், ஒரு ஆள், ஒரு பொருள் உண்டு. ஒரு சிற்றூரில் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றிக் கேட்கப்போன பெண்பிள்ளைகள் 'முறை எழுதினார்கள்' என்ற வினையோடு வந்தார்கள். என்னவென்று பார்த்தால், லாரித் தண்ணீர் வருகிற நாட்களில் யார் வீட்டுக்கு எத்தனை குடம், யார் காவல் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் பெண்கள் மாதக்கணக்காக எழுதிவைத்திருக்கிறார்கள். லாரி வராத நாளுக்கு எதிரே பெருக்கல் குறி. அந்த நோட்டுதான் படமாயிற்று. அழுகிற கிழவி தேவைப்படவில்லை. அதே கிழவி நோட்டைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசினாள்.

இரண்டாம் நாள் பார்வை. பஸ்தாபூர்ப் பெண்களின் கதையைச் சொல்லி, 'உங்க ஊர்ல யாரு யாரை எப்படிப் பாக்குறா, அதுக்குப் பேரு வைங்க' என்று விட்டுவிடுவேன். ஒரு குழு 'மனு ஷாட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். எதிரே மனுவோடு ஒரு அம்மா நிற்கிறார். காமிராவோ அதிகாரியின் நாற்காலிப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவைப் பார்க்கிறது. செய்திகளில் நாம் தினமும் பார்ப்பது இதுதான். 'அப்ப நம்ம எங்க நிக்கணும்?' என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றால் மேசை எவ்வளவு பெரியது என்று தெரியும். நின்ற இடம்தான் கருத்து என்பதைக் கோட்பாட்டு மொழியில் அரை மணி நேரம் விளக்குவதைவிட இது மேல்.

பிறகு நுணுக்கங்கள். இப்போது பெரும்பாலும் செல்போன்தான் காமிரா. அதில் படம் பிரமாதமாக வரும், ஒலிதான் காலைவாரும். ஆகவே சில விதிகள். போனைப் படுக்கவசமாகப் பிடி. ஏரோபிளேன் மோடில் போடு. இல்லையென்றால் அந்த அம்மா முக்கியமானதைச் சொல்லும்போது மாமா கூப்பிடுவார். ஜூம் பண்ணாதே, நடந்து கிட்டே போ. ஒரு ஷாட்டை எடுத்தால் பத்து விநாடி அசையாமல் பிடி. முழு இடம், ஆள், கை என்று மூன்று தூரத்தில் எடு. இரண்டாவது போன் ஒன்றை ஒலிப்பதிவுக்கு மட்டும் வைத்துப் பேசுகிறவர் கையிலோ சட்டைப் பையிலோ கொடு. தொடக்கத்தில் ஒரு தட்டுத் தட்டினால் பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளலாம். ஐந்து நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதே. எடுத்தால் யாரோ ஒருத்தன் ராத்திரி பூரா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்பது தனிப் பாடம். 'உங்களுக்கு எப்படி இருந்துச்சு?' என்று கேட்டால் அழுகைதான் வரும். அந்தக் கேள்வியே அழச் சொல்கிற கேள்வி. 'அன்னிக்கு முதல்ல யாரு வந்தா? அப்புறம் என்ன செஞ்சீங்க? யாரு வேண்டாம்னு சொன்னா?' என்று கேட்டால் போராட்டம் வெளியே வரும். குறிப்பாக அந்த மூன்றாவது கேள்வி. எந்தப் போராட்டத்திலும் உள்ளுக்குள் ஒரு சண்டை நடந்திருக்கும். பதில் முடிந்த பிறகு உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் ஐந்து விநாடி சும்மா இருக்கவும் பழக்க வேண்டும். பலர் அதற்கப்புறம்தான் பேச வேண்டியதைப் பேசுகிறார்கள்.

பின்னணி இசைக்குத் தடை. பின்னணிக் குரலுக்கும் தடை. அழகியல் கண்டிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்த இரண்டு கைத்தடிகளும் இல்லாவிட்டால்தான் பிள்ளைகள் ஆட்களின் பேச்சையும் வேலையையும் நம்பி நடக்கப் பழகுகிறார்கள். கியூபாவின் ஹூலியோ கார்சியா எஸ்பினோஸா 1969இல் 'நேர்த்தியற்ற சினிமா'வுக்காக வாதாடினார். தொழில்நுட்ப நேர்த்தியை இலட்சியமாக வைத்துக்கொண்டால் கலை ஒரு சிலர் கையிலேயே தங்கிவிடும் என்பது அவர் கவலை. இன்று நேர்த்தி மலிவாகிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் பின்னணி மங்குகிறது, வண்ணம் கூடுகிறது. ஆகவே அவர் கவலையைத் திருப்பிப்போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது: எல்லோருக்கும் கிடைத்துவிட்ட இந்த நேர்த்தி யாருடைய பார்வையை நமக்குள் ஊட்டுகிறது?

5

படத்தை முதலில் குத்துமதிப்பாகத் தொகுத்து, முடிக்காமலே, எடுத்த தெருவில் காட்ட வேண்டும். நான் வலியுறுத்துகிற பயிற்சியில் இதுதான் நடுப்பகுதி. மற்ற பலர் இதை நிறைவு விழாவாக வைக்கிறார்கள். நிறைவு விழாவில் கைதட்டலாம், திருத்த முடியாது.

வேட்டியைக் கட்டியும் காட்டலாம், டீக்கடை டிவியிலும் காட்டலாம். எங்கே கட்டுவது என்பதுதான் சிக்கல். 'சமூகம்' என்ற நம்முடைய சொல்லைக் கவனியுங்கள். முகாம் நோட்டீஸில் அச்சடிக்கும்போது அது 'சமூக மாற்றம்'. டீக்கடையில் 'தம்பி எந்தச் சமூகம்?' என்று கேட்டால் அது சாதி. ஒரே சொல். 'நம் சமூகத்தின் போராட்டத்தைப் படமெடுப்போம்' என்று கிளம்புகிற பயிற்சி, இந்த இரட்டை அர்த்தத்தின்மீது கால் வைக்காமல் ஒரு அடிகூட நகர முடியாது. ஊருக்குள் கோயில் திடலில் வேட்டியைக் கட்டினால் காலனிக்காரர்கள் ஓரமாக நிற்பார்கள் அல்லது வரவே மாட்டார்கள். காலனியில் கட்டினால் ஊர்க்காரர்கள் 'அது அவங்க படம்' என்பார்கள். 'ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினை' என்று பொதுவாக எடுத்த படத்தில், குழாய் எந்தத் தெருவில் நின்றுபோகிறது என்பது ஒரு ஷாட்டில் தெரிந்துவிடும். அதைத் தெரியும்படி வைப்பதா, 'ஒற்றுமைக்காக' வெட்டுவதா என்ற விவாதம் பிள்ளைகளுக்குள் வந்தே தீரும். வர வேண்டும். என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்: வெட்டக் கூடாது. பொது என்பது இருக்கிற பிளவை மறைத்து உண்டாவதில்லை. ஆனால் அந்த ஷாட்டை வைத்தால் யாருக்கு அடி விழும் என்று பார்க்காமல் வைக்கவும் கூடாது. முடிவு அந்தத் தெருவில் குடியிருப்பவர்களுடையது.

திரையிடலில் நடப்பது பெரும்பாலும் பெஸான்ஸோனில் நடந்ததுதான். ஒரு ஊரில் பெண்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: 'நாங்க ரோட்டுல உக்காந்ததக் காட்டுறீங்க. அதுக்கு முந்தின ராத்திரி வீட்டுல ஆம்பளைங்ககிட்ட போட்ட சண்டையக் காணோமே? அது இல்லாம நாங்க எப்படி ரோட்டுக்கு வந்தோம்?' பிள்ளைகள் மறுநாள் காமிராவோடு திரும்பப் போனார்கள். அர்ஜென்டினாவின் சோலானாஸும் ஹெட்டினோவும் 'உலைகளின் நேரம்' என்ற தங்கள் 1968ஆம் வருடப் படத்தை நடுநடுவே நிறுத்தி விவாதிக்க இடம்விட்டே அமைத்தார்கள். பார்க்க வந்தவரைப் பங்கெடுப்பவராக மாற்றுவதே திரையிடலின் வேலை என்று கருதினார்கள். வால்டர் பெஞ்சமினோ 1934லேயே, நுகர்கிறவர்களை உற்பத்தி செய்கிறவர்களாக மாற்றுகிற அளவுக்குத்தான் ஒரு கலைக்கருவி முற்போக்கானது என்று வாதிட்டிருந்தார். அந்தப் பெண்களுக்கு இவர்கள் யாரையும் தெரியாது. படத்தில் என்ன இல்லை என்பது தெரியும்.

6

இதுவரை சொன்னதில் ஆபத்து பற்றிய பேச்சு குறைவு. அதைத் தள்ளிப்போட முடியாது.

1999 ஜூலை 23இல் திருநெல்வேலியில், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் தாக்கித் தாமிரபரணிக்குள் துரத்தியதில் 17 பேர் இறந்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதை ஆவணமாக்கியது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தின்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தபோது, வேன்மீது ஏறி நின்று குறிவைக்கிற போலீஸ்காரரின் காட்சி சில மணி நேரத்தில் உலகம் முழுக்கப் போய்விட்டது. பிம்பம் சாட்சி சொல்லும். அதில் சந்தேகமில்லை. ஆனால் சாட்சி இருபக்கமும் வெட்டும். அதே ஊர்வலக் காட்சியில் யார் யார் முகம் இருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கு வேறு ஆட்களும் இருக்கிறார்கள். 'வந்தவர்கள் எல்லோரும் படத்தில் இருக்க வேண்டும்' என்ற கல்யாண வீட்டு விதி, போராட்டக் களத்தில் ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற விதியாகவும் ஆகலாம்.

படமெடுத்தவர்களின் கதையும் அப்படியே. கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றி அமுதன் ஆர்.பி. மதுரையில் எடுத்த 'பீ' 2003இல் வந்தது. அதே கொடுமையில் செத்தவர்களின் குடும்பங்களைத் தேடிப்போய் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் வந்தபோது பல ஊர்களில் திரையிடலைப் போலீஸ் தடுத்தது. படம் யூடியூபில் போயிற்று. இயக்குநர்மீது மிரட்டல்களும் வழக்குகளும் வந்தன. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று கேட்கிற 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் வேறு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக் காட்டத் தயாராக மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

இதில் பயிற்றுநருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. பயிற்றுநர் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுவார். பிள்ளைகள் அதே தெருவில் இருக்க வேண்டும். அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே டீக்கடைக்குப் போக வேண்டும். ஆகவே சில முடிவுகளைக் காமிரா எடுப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்கிறேன். முதல் நாள் கொடுத்த சம்மதத்தைப் பத்தாம் நாள் திரும்பப் பெறலாம் என்பதைப் பேசுகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். தெருவில் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் ஏற்றச் சம்மதித்ததாக ஆகாது. அது தனிக் கேள்வி. முகம் வேண்டாமென்றால் கையைக் காட்டு, நோட்டைக் காட்டு, குரலை மட்டும் வை. பெயர்ப்பட்டியலில் தனிப்பெயர்கள் வேண்டுமா, குழுவின் பெயர் போதுமா என்று பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு முடிவுசெய். கடைசியாக, எடுக்காமல் விடுவதும் ஒரு முடிவு. 'இதை எடுக்க வேண்டாம்' என்று ஒரு குழு விவாதித்துக் காமிராவை மூடிவைத்த நாளை நான் வீணான நாளாகக் கணக்கில் எழுதுவதில்லை.

7

இன்னொரு அழுத்தம் நல்லெண்ணத்தோடு வருவது. பயிற்சிக்குப் பணம் கொடுக்கிற நிறுவனத்துக்கு வெற்றிக்கதை வேண்டும்: பிரச்சினை, முயற்சி, தீர்வு, நன்றி. விழாக்காரர்களுக்கு வலி வேண்டும். போட்டிக்கு மூன்று நிமிடம் வேண்டும். தெருவுக்கு வேண்டியது வேறு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு சேர்த்துக் காட்ட இரண்டு நிமிடம். அடுத்த தெருவில் போட்டு ஆள் சேர்க்கப் பத்து நிமிடம். போன வருஷம் என்ன பேசினோம் என்று சங்கக் கூட்டத்தில் நினைவுபடுத்த ஒரு மணி நேரப் பதிவு. ஒரே விஷயத்துக்கு மூன்று பிரதிகள். 'இறுதிப் பிரதி' என்ற கருத்தே சினிமாத் தொழில் நமக்குக் கொடுத்த பழக்கம். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா கூட்டமைப்பும் 1980களில் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' எடுத்து, 1986இல் முடித்து, மக்களிடமே கொண்டுபோய்க் காட்டினார்கள். பணம் வந்த வழியும் படம் போன வழியும் ஒன்றாக இருந்ததால் யாருக்குப் பதில் சொல்வது என்பதில் அவர்களுக்குக் குழப்பமில்லை. நம் முகாம்களில் பணம் ஒரு திசையிலிருந்து வருகிறது, படம் வேறு திசைக்குப் போக வேண்டியிருக்கிறது. இந்த முரணைத் தீர்த்துவிட்டதாக நான் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் மறைக்காமல், யார் பணம், எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று முதல் நாளே கரும்பலகையில் எழுதிப்போடுவது ஒரு தொடக்கம்.

அப்புறம், படம் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நடந்த இப்படிப்பட்ட பயிற்சிகளில் எத்தனையோ தெருக்களின் பேச்சு பதிவாகியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி பூஞ்சை பிடித்த கேசட்டுகளாக, திறக்காத சி.டி.க்களாக, பயிற்றுநர்களின் ஹார்டு டிஸ்குகளில், நிறுவனங்களின் அலமாரிகளில் கிடக்கிறது. அந்தத் தெருக்காரர்களிடம் ஒரு பிரதிகூட இல்லை. அவர்கள் கல்யாணத்து கேசட் மட்டும் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. இப்போது நான் பயிற்சிக்கு ஒத்துக்கொள்வதற்கு முன்னால் வைக்கிற நிபந்தனை ஒன்றுதான். முடிந்த படம் மட்டுமல்ல, வெட்டாத முழுப் பதிவும் இரண்டு பென்டிரைவில் ஊரில் தங்க வேண்டும். ஒன்று படிப்பகத்திலோ சங்கத்திலோ, இன்னொன்று தண்ணீர் நோட்டை வைத்திருக்கிற அம்மா மாதிரி யாராவது ஒருவரிடம். யாரிடம் என்பதைத் திரையிடல் கூட்டத்தில் அந்தத் தெருவே முடிவுசெய்ய வேண்டும். அந்த ஒரு முடிவுக்காகவே சில ஊர்களில் இரண்டு மணி நேரம் சண்டை நடக்கிறது. நடக்கட்டும்.